உன் அம்மா என் தங்கை

காயல்பட்டினம்

அன்பு மருமகனுக்கு,



நீ கலிமா சொன்ன சேதியை உன் வாயால் கேட்கும் முன்பே உன் அம்மாவின் அழுகையில் கேட்டுவிட்டேன். "முதல்ல அண்ணன் போனான், இப்ப மகனும் போயிட்டான்" என்று போனில் அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். மார்க்கத்தைக் கற்றுத்தர உனக்கு ஆலிம்கள் இருக்கிறார்கள். முப்பது வருஷத்துக்கு முன் இதே பாதையில் வந்த நான் செய்த தவறை நான்தான் சொல்ல வேண்டும்.

தூத்துக்குடியில் நம் வீட்டில் வருஷத்தையே பனிமய மாதா கோவில் கொடியேற்றத்தை வைத்துத்தான் கணக்குப் பார்ப்பார்கள். நம் முத்துக்குளித்துறை மக்கள் 1530களிலேயே ஞானஸ்நானம் பெற்றவர்கள். சவேரியார் வந்ததே 1542இல்தான். உன் அம்மாவுக்கு வேதம் வேறு, ஊர் வேறு, பெற்ற தாய் வேறு இல்லை. அவளுக்கு வலிப்பது அதனால்தான்.

கலிமா சொன்ன வாரத்தில், நடுவீட்டுச் சுவரில் இருந்த மாதா படத்தைக் கழற்றிப் பரணில் போட்டேன். அது என் அம்மாவின் வீடு என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. படம் இருந்த இடத்தில் சுண்ணாம்பு மட்டும் சதுரமாக வெளுத்துத் தெரிந்தது. அந்த வெறும் சுவரைப் பார்த்தபடியே ஜெபமாலை உருட்டினாள்.

அந்த மாதாதான் நமக்கு மர்யம். குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே பெண் அவர். 19ஆவது சூராவே அவர் பெயரில் இருக்கிறது. மக்காவில் கொடுமை தாளாமல் அபிசீனியாவுக்குப் போன முஸ்லிம்கள், கிறிஸ்தவ அரசர் நஜ்ஜாஷியின் சபையில் ஓதிக் காட்டியது அந்தச் சூராவைத்தான். அபூபக்கரின் மகள் அஸ்மா, இஸ்லாத்தை ஏற்காத தன் தாய் தேடி வந்தபோது என்ன செய்வதென்று கேட்டார். உறவைப் பேணத்தான் நபிகள் நாயகம் சொன்னார்கள். இதையெல்லாம் நான் பிற்பாடுதான் படித்தேன்.

இயேசுவாகிய ஈசா நபியைப் பற்றி நாம் நம்புவதும் உன் அம்மா நம்புவதும் ஒன்றல்ல. கேட்டால் மழுப்பாதே, சோற்றுத் தட்டின் முன்னால் வாதாடவும் செய்யாதே. நல்ல பொருளுள்ள பெயரை மாற்றியே ஆக வேண்டும் என்று மார்க்கத்தில் கட்டாயம் இல்லை. அரசிதழில் பெயர் மாற்ற அவசரப்பட வேண்டாம். அவள் வைத்த பெயரால் கூப்பிட்டால் "என்னம்மா" என்று திரும்பு. ஆகஸ்ட் 5 மாதா திருவிழாவுக்கு நீ பூசைக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் வீட்டுக்கு வரும் விருந்தாளிகளுக்கு நாற்காலி எடுத்துப் போட ஆள் வேண்டும். ஹலால் கறியை நீயே வாங்கிக் கொடு, அவள் கையால் ஆக்கிப் போடட்டும்.

என் முதல் நோன்பில் ஒரு நாள் சஹருக்கு எழும்பாமல் அசந்து தூங்கிவிட்டேன். யாரோ தோளைத் தட்டினார்கள். அம்மா! "பாங்கு சொல்லிரப் போறாங்க, எழும்பிச் சாப்பிடு" என்றாள். தட்டில் சூடாகச் சோறு. அவள் இன்னொரு கையில் ஜெபமாலை.

விடிந்ததும் பரணில் ஏறிப் படத்தை எடுத்தேன். தூசியைத் துடைத்து அவள் கையில் கொடுத்தேன். அவளே மாட்டினாள்.

இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பஸ் ஏறு. உன் அம்மா காத்திருக்கிறாள்.

துஆவுடன்,
உன் மாமா