முதுகுத் தண்டும் நம் தொழிலும்

பொங்கலூர் வட்டாரத்தில் தென்னந்தோப்பும் கிணறும் தறிக்கூடமும் அடுத்தடுத்து உள்ளன. ஒரே குடும்பத்தில் ஒருவர் தேங்காய் பறிக்க மரமேறுவார். மற்றொருவர் நூல் மூட்டை சுமப்பார். மரத்தினின்றோ சாரத்தினின்றோ விழுதல், கிணற்றில் விழுதல், தலைச்சுமை நிலைகுலைந்து கழுத்தை ஒடித்தல் ஆகியவை உழைப்பாளியின் முதுகுத் தண்டைச் சேதப்படுத்துகின்றன. குழித்தறியில் அமர்வோரின் இடுப்பு வலி வேறு. அதை இத்துடன் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

முதுகெலும்பு ஒரே எலும்பன்று. கோத்த மணிகள்போல் அடுக்கிய சிறு எலும்புகளின் துளை வழியே மூளையிலிருந்து தண்டுவடம் இறங்குகிறது. முறிந்த எலும்பு கூடும். அறுந்த தண்டுவடத்தை ஒட்டவைக்கும் மருந்து இன்றளவும் இல்லை. கழுத்தில் சேதமுற்றால் கை கால்கள் நான்கும், அதற்குக் கீழாயின் கால்களும் செயலிழக்கும். சிறுநீரும் மலமும் வசத்தில் இரா.

விழுந்த கணத்தில் எலும்பு மட்டும் பிசகி, தண்டுவடம் பெரும்பகுதி தப்பியிருக்கலாம். அப்பொழுது நாம் செய்வதென்ன? ஒருவர் கையையும் ஒருவர் காலையும் பிடித்துத் தூக்கி உட்காரவைத்து, தண்ணீர் புகட்டி, வண்டியில் மடக்கிக் கிடத்துகிறோம். அன்பினால் செய்யும் இச்செயலே மிஞ்சிய நரம்பையும் நசுக்கிவிடக்கூடும். விழுந்தவரை அசைக்கலாகாது. 108-ஐ அழைத்துவிட்டு, ஒருவர் அவர் தலையை இரு கைகளாலும் ஆடாமல் பிடித்திருக்க வேண்டும். ஆபத்தான இடத்திலிருந்து எடுத்தே தீர வேண்டுமாயின், நால்வர் சேர்ந்து, தலையும் கழுத்தும் உடலும் ஒரே கோட்டில் நிற்குமாறு, மரத்துண்டைப் புரட்டுவதுபோல் புரட்டிப் பலகையில் கிடத்துக. கழற்றிய கதவு போதும். கயிற்றுக் கட்டில் தொய்யும், உதவாது.

முற்காலத்தில் இவர்களுள் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் மாண்டனர். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் பொறுப்பேற்ற டாக்டர் லுட்விக் குட்மன், 2 மணிக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கும் முறையைக் கண்டிப்பாக நடத்திப் பலரை வாழவைத்தார். இதை வீட்டிலும் செய்யலாம். செலவில்லை, உறக்கந்தான் கெடும். வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்தும், சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவைச் சிகிச்சை செய்தார். அவர் முயற்சியால் 1966இல் அங்கு மறுவாழ்வு நிலையம் எழுந்தது. 1975இல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்த ராமகிருஷ்ணன், 1981இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார்.

நம் பக்கம் திரும்புவோம். கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் வேண்டும். மரமேறும் கருவியையும் இடுப்புப் பட்டையையும் தனியொருவர் வாங்க இயலாவிடில், சங்கமே வாங்கிக் குறைந்த வாடகைக்குத் தரலாம். மழையில் வழுக்கும் மரத்தில் ஏறச் சொல்லும் தோப்புக்காரரும் நம் அங்கத்தினர்தாமே! மரமேறுவோருக்கென்றே தென்னை வளர்ச்சி வாரியம் கேர சுரக்ஷா என்னும் காப்பீட்டை ஏற்படுத்தியுள்ளது. விண்ணப்பம் எழுத அறியாதவர்க்குச் சங்கக் காரியதரிசி எழுதித் தரலாம்.