தேசிமரம் பார்க்கப் போகும் பிள்ளைக்கு



விவசாயப் படிப்பு முடித்து, வெள்ளவத்தை மொட்டைமாடிகளில் தேசி, தோடை பார்க்கத் தொடங்கியிருப்பதாக எழுதியிருந்தீர். போகிற வீடெல்லாம் "என்ன மருந்து அடிக்கலாம்?" என்றுதான் கேட்கிறார்களாம். கேட்பார்கள். போத்தலோடு வருகிறவரைத்தான் சனம் நம்பும்.

நீர் கொண்டுபோக வேண்டியது ஒரு கைவில்லையும் வெள்ளைத் தாளும். கிளையைத் தாளின் மேல் தட்டும். மந்தமாக ஊர்வது பெரும்பாலும் இலைச்சாறு குடிக்கும் சிற்றுண்ணி. விறுவிறென்று ஓடுவது அதைத் தின்கிற சிற்றுண்ணியாக இருக்கும். ஓடுகிறவர் நிறைய இருந்தால் அந்த மரத்துக்கு ஒன்றும் அடிக்காதேயும். வேறு பூச்சிக்கென்று பைரித்ரோயிட் மருந்து அடித்த மாடியில்தான் சிவப்புச் சிலந்தி என்கிற சாறு குடிக்கும் சிற்றுண்ணி பிறகு மளமளவென்று பெருகும். தின்கிறவரை முதலில் கொன்றுவிட்டோமல்லவா?

நம் நாட்டிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. 1997 கடைசியில் கற்பிட்டியில் தென்னைச் சிற்றுண்ணி தெரியவந்தது. குரும்பையின் மூடிச் செதில்களுக்குக் கீழே ஒளிந்திருப்பதால் மருந்து அதை எட்டவில்லை. லுணுவில தென்னை ஆராய்ச்சி நிலையத்தார் நியோசெயுலஸ் பராக்கி என்ற இரைகௌவிச் சிற்றுண்ணியை ஆய்வுகூடத்தில் பெருக்கித் தோட்டங்களில் விட்டார்கள். தட்டையான, நீண்ட உடம்பு; செதிலுக்குள்ளும் நுழையும். தேசித் தோலைத் துருநிறமாக்குகிற சிற்றுண்ணியும் அந்தத் தென்னைச் சிற்றுண்ணியின் குடும்பம்தான்.

2021 மேயில் அரசு இரசாயன உரத்தையும் பூச்சிமருந்தையும் இறக்குமதி செய்வதை வர்த்தமானி போட்டுத் தடுத்தது, நவம்பரில் பின்வாங்கியது. போத்தலைப் பிடுங்கினால் மட்டும் இரைகௌவி வந்துவிடாது. அதற்கு இருக்க இடமும் தின்னத் தீனியும் வேண்டும். தென்சீனத்துத் தோடைத் தோட்டங்களில் மரத்தடியில் அஜெராட்டம் என்ற களையை வேண்டுமென்றே விட்டுவைத்தார்கள். அதன் மகரந்தம் இரைகௌவிக்கு உணவு. பிபிலையில் யாராவது தோட்டம் பார்க்கக் கூப்பிட்டால், நிலத்தைச் சுரண்டி வெறுமையாக்க விடாதேயும்.

கொழும்பு மாடியில் களைக்கு எங்கே இடம்? இங்கே பகை காலி வீதித் தூசியும் சீமெந்துச் சூடும்தான். கொட்டாஞ்சேனையில் தகரக் கூரைக்குக் கீழே மழை படாமல் நிற்கும் சாடிகள் இன்னும் மோசம். தை, மாசி வெயிலில் காலையில் இலையின் அடிப்புறம் நனையத் தண்ணீரைப் பீய்ச்சச் சொல்லும். பாதிப் பிரச்சினை அதோடு போகும். போகாவிட்டால் லீற்றர் தண்ணீருக்கு 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெய், கலக்கக் கொஞ்சம் திரவச் சவர்க்காரம். முதலில் ஒரே ஒரு கிளையில், வெயில் தாழ்ந்த பிறகு. கந்தகத்தில் கைவைக்க அவசரப்படாதேயும். நம்முடைய சூட்டில் இலை கருகும், இரைகௌவியும் சாகும். எண்ணெய் அடித்த இரண்டு மூன்று கிழமைக்குள் கந்தகத்தைத் தொடவே கூடாது.

நுனிக்குருத்துச் சுருண்டால் வைரஸ் என்று சொல்லிவிட்டு வராதேயும், கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் சிற்றுண்ணியாகவும் இருக்கலாம். காய்த்தோல் மட்டும் பழுப்பானால் அறுத்துக் காட்டும். சாறு நன்றாகவே இருக்கும். "வடிவாயில்லை" என்று முறைப்பாடு சொல்லும் அன்ரிமாருக்கு ஊறுகாய் போடச் சொல்லும்.

கடைசியாகக் காசு விடயம். மருந்து விற்று உழைத்தால் மருந்து அடிக்கத்தான் மனம் சொல்லும். போய்ப் பார்ப்பதற்குக் கட்டணம் வாங்கும். ஒன்றும் அடிக்காமல் திரும்பி வருகிற நாளுக்கும் அதே கட்டணம்.

அன்புடன்,
கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு பழைய விவசாயப் போதனாசிரியர்