கை நடுக்கமா, சர்க்கரையா?

கேள்வி: மனச்சிதைவு நோயுள்ள என் தம்பி ஒன்பது வருஷமாக ஹாலோபெரிடால் சாப்பிடுகிறான். காதில் கேட்ட குரல்கள் அடங்கிவிட்டன. ஆனால் டீத் தம்ளரைக் கையில் வாங்கினால் பாதி சிந்திவிடுகிறது. 'அது பழைய மருந்து, ஓலான்சபினுக்கு மாற்றுங்கள்' என்கிறார்கள் உறவினர்கள். அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி உண்டு. மாற்றலாமா?
— ஒரு வாசகர், டி. கல்லுப்பட்டி

பதில்: 1952-இல் பாரிஸ் மாநகரத்துச் செயிண்ட் ஆன் மருத்துவமனையில் குளோர்புரோமசின் என்னும் ஔஷதம் சித்தப்பிரமைக்குப் பிரயோகிக்கப்பட்ட பின்னரே, பூட்டும் காவலுமாய்க் கிடந்த நோயாளிகள் பலர் வீடு திரும்ப வழி பிறந்தது; 1958-இல் பெல்ஜியத்தில் உருவான ஹாலோபெரிடாலும் ஏறக்குறைய அதே வேலையைச் செய்வதுதான். மூளையிலுள்ள டோபமின் என்னும் இரசாயனத்தின் வேகத்தைத் தடுத்து இவை பிரமையை அடக்குகின்றன. கைகால்களின் அசைவை ஒழுங்குபடுத்துவதும் அதே டோபமினாகையால், குற்றம் செய்யாத கையும் சேர்ந்து தண்டனை அனுபவிக்கிறது.

1990-களில் பரவிய ரிஸ்பெரிடோன், ஓலான்சபின் முதலியவற்றில் இந்த நடுக்கம் குறைவென்பது மெய். ஆயினும், அமெரிக்காவில் ஏறத்தாழ 1,500 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பெர்ஃபெனசின் என்னும் பழைய மருந்து புதியவற்றில் பலவற்றுக்குச் சளைக்காமல் நின்றது. ஓலான்சபின் சற்று முந்தியது. ஆனால் அதை உட்கொண்டவர்களுக்கே உடல் எடையும் இரத்தச் சர்க்கரையும் அதிகமாக ஏறின. தகப்பனாரின் வியாதியைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது மகனுக்கும் இறங்கக்கூடியதாகையால், தங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் அதுதான்.

ஆகையால் ஓலான்சபினுக்கு நான் அவசரப்பட மாட்டேன். குரல்கள் அடங்கியிருப்பதால், முதலில் இருக்கிற மருந்தின் அளவைக் குறைத்துப் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அதற்கு இடமில்லையென்றாலோ, உதடும் நாக்கும் தாமாகவே அசையத் தொடங்கியிருந்தாலோ (இதை வீட்டார்தான் முதலில் கவனிக்க முடியும்), சர்க்கரையை அவ்வளவாகச் சீண்டாத அரிபிபிரசோலுக்குப் படிப்படியாக மாற்றுவது பொருந்தும். மருந்துகளுக்குள் பெரிய ஏற்றத்தாழ்வில்லை என்பதற்குக் குளோசபின் ஒன்று மட்டும் விதிவிலக்கு: வேறு இரண்டு மருந்துகள் கொடுத்தும் மசியாத நோயையும் அது மசிய வைப்பதுண்டு, ஆனால் இரத்தத்தின் வெள்ளணுக்களைச் சில சமயம் ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடுமாதலால், இரத்தப் பரிசோதனையை விடாமல் செய்தாக வேண்டும். தம்பிக்கு இப்போது அது வேண்டியதில்லை.

உறவினர் சொல் கேட்டு இன்றிரவு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். பழைய மருந்துச் சீட்டுகளைக் கையோடு எடுத்துப் போய், தகப்பனாரின் சர்க்கரையைப் பற்றி மறவாமல் சொல்லுங்கள்.