பிழை நாணயம் சேர்க்கிற தம்பி, தங்கச்சிகளுக்கு…

மளிகைக்கடைச் சில்லறையில ஒரு கோணல் காசு கிடைச்சதும், ‘அக்கா, இது லட்சத்துக்குப் போகுமா?’ன்னுதான் முதல்ல கேக்குறீங்க. விலை இருக்கட்டும். இந்தக் கோளாறு நாணயச்சாலைக்குள்ள நடந்ததா, வெளிய வந்தப்புறம் நடந்ததா? அதைத்தான் முதல்ல பார்க்கணும். உள்ள நடந்திருந்தா அது எரர் காயின். வெளிய நடந்திருந்தா அடிபட்ட காசு, அவ்வளவுதான்.

இதைப் பிரிச்சுப் பார்க்க, காசு எப்படித் தயாராகுதுன்னு தெரிஞ்சிருக்கணும். உலோகத் தகட்டுல இருந்து வட்ட வில்லைகளை வெட்டுவாங்க. வில்லையோட ஓரத்தை உருட்டி லேசா மேடாக்குவாங்க. அப்புறம் மேலயும் கீழயும் அச்சு, சுத்தி ஒரு வளையம், நடுவுல வில்லையை வெச்சு ஒரே அழுத்து. இதுல எந்தக் கட்டத்துல தப்பு நடந்தாலும் அதுக்குன்னு ஒரு தடயம் காசுல தங்கிடும்.

ஓரம் கடிபட்ட மாதிரி இருக்கிற ‘கிளிப்’ காசை எடுத்துக்கோங்க. எல்லாரும் கடிபட்ட இடத்தையே பார்ப்பாங்க. நீங்க அதுக்கு நேர் எதிர்ப்பக்க விளிம்பை லென்ஸ் வெச்சுப் பாருங்க. நிஜமான கிளிப்னா பெரும்பாலும் அந்த இடத்துல விளிம்பு மேடு இல்லாம மங்கிப் போயிருக்கும். ஓரத்தை உருட்டும்போது ஒரு பக்கம் உலோகமே இல்லைன்னா எதிர்ப்பக்கமும் அழுத்தம் சரியா விழாது, அதான் காரணம். பிளேக்ஸ்லி எஃபெக்ட்னு சொல்வாங்க. அரத்தால ராவின காசுல எதிர்ப்பக்கம் நல்லா எடுப்பா நிக்கும். ராவின இடத்துல கோடு கோடாத் தெரியும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ப்ராக்கேஜ். அடிச்ச காசு வெளிய விழாம அச்சுலயே ஒட்டிக்கிச்சுன்னா, அடுத்த வில்லை மேல அந்தக் காசே அச்சா இறங்கும். ஒரு பக்கம் ஒழுங்கா இருக்கும்; மறுபக்கம் அதே உருவம் இடவலம் மாறி, பள்ளமா விழுந்திருக்கும். ரெண்டு காசைச் சேர்த்துப் பட்டறை வைஸ்ல இறுக்கியும் பள்ளம் விழ வைக்கிறாங்க, ஜாக்கிரதை. அப்படி இறுக்கினதுல மறுபக்க டிசைன் நசுங்கித் தட்டையாயிருக்கும்.

10 ரூபாய் காசுல வெளி வளையமும் நடு வில்லையும் ஒரே அடியிலதான் ஒண்ணாகுது. அதனால நடு வில்லை நகர்ந்திருந்தா, நகர்ந்த இடத்து மேலயும் டிசைன் தொடர்ச்சியா விழுந்திருக்கணும். டிசைனும் சேர்ந்தே நகர்ந்திருந்தா யாரோ கழட்டி மாட்டினது.

நம்ம ஊர்க் காசை, சிங்கமுகம் நேரா இருக்கும்படி பிடிச்சுப் புத்தகப் பக்கம் மாதிரி புரட்டினா பின்பக்கமும் நேரா வரணும். லேசான சாய்வு சகஜம். கால்வட்டம், அரைவட்டம் திரும்பியிருந்தா எடுத்து வைங்க. எழுத்து ரெட்டையாத் தெரியுறதுல ரொம்ப நிதானம் வேணும். படிக்கட்டு மாதிரி தட்டையா விழுந்த ரெட்டை, மெஷின் ஆட்டத்தால வர்றது. அதுக்கு மதிப்பு கிடையாது.

பிழையில்லாத வெரைட்டியும் உண்டு. வருஷத்துக்குக் கீழ டைமண்ட் இருந்தா மும்பை, நட்சத்திரம்னா ஹைதராபாத், வட்டப்புள்ளின்னா நொய்டா, எதுவுமே இல்லைன்னா கொல்கத்தா. சில வருஷங்கள்ல வெளிநாட்டுலயும் அடிச்சு வாங்கியிருக்காங்க. 1997 ஒரு ரூபாய்ல மெக்சிகோ குறியும் கிடைக்கும். செலவில்லாம ஆரம்பிக்க இதைவிட நல்ல வழி இல்ல.

பத்து மடங்கு லென்ஸும், நகைக்கடைல இருக்கிற மாதிரி சின்ன டிஜிட்டல் தராசும் வாங்கிடுங்க. எடை குறைஞ்சாலே எரர்னு முடிவு கட்டாதீங்க. பழைய குப்ரோ நிக்கல் 5 ரூபாய் 9 கிராம், 2007-ல வந்த ஸ்டீல் 5 ரூபாய் 6 கிராம். அகலம் ரெண்டுக்கும் 23 மில்லிமீட்டர்தான். காந்தத்துல ஸ்டீல் ஒட்டும், குப்ரோ நிக்கல் ஒட்டாது.

புளி, எலுமிச்சை, பாத்திரம் தேய்க்கிற பவுடர் எதுவும் காசுகிட்ட வரக்கூடாது. தேய்ச்சுப் பளபளப்பாக்கின காசைத் தெரிஞ்சவங்க தொடமாட்டாங்க. ஓரத்தைப் பிடிச்சே எடுங்க. மெத்துன்னு இருக்கிற பிவிசி கவர்ல வெச்சா நாளடைவுல பச்சை படியும். அட்டை ஹோல்டர்தான் நல்லது. பரிசோதனைன்னு காசை உருக்கிடாதீங்க. 2011 நாணயச் சட்டப்படி உருக்கினாலோ அழிச்சாலோ ஏழு வருஷம் வரைக்கும் ஜெயில்.

கடைசியா ஒண்ணு. வைஷ்ணோதேவி காசுக்குப் பத்து லட்சம்னு வர்ற விளம்பரத்தை நம்பவே நம்பாதீங்க. அது 2012-ல வந்த சாதாரண நினைவு நாணயம். பழைய காசு வாங்கி விக்கிறதுக்கு ரிசர்வ் வங்கி கமிஷனும் கேக்காது, வசூல் பண்ண யாருக்கும் அனுமதியும் தரல. 2021-லயே அவங்க இதை அறிவிச்சுட்டாங்க. ‘முதல்ல பதிவுக் கட்டணம் கட்டுங்க’ன்னு யாராவது சொன்னா, அந்த நிமிஷமே போனை வெச்சுடுங்க.