அழிந்த கோலத்தைப் பற்றிச் சின்னவனுக்கு

ஸ்ரீவில்லிபுத்தூர்

சிரஞ்சீவி சின்னவனுக்குப் பெரியப்பா அநேக ஆசீர்வாதம்.

இங்கு யாவரும் க்ஷேமம். ராஜபாளையத்திலும் அப்பா, அம்மா சௌக்கியமே. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, இரவில் தூங்கி, தேகத்தைப் பேணி வருகிறாய் என்று நம்பவே விரும்புகிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்ட உன் குரல் அப்படி நம்ப விடவில்லை.

உன் கோலச் செயலியைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெரியம்மா அதில் 15 புள்ளி வைத்துச் சிக்குக்கோலம் ஒன்றை முக்கால்வாசி இழுத்திருந்த சமயத்தில் யாரோ கூப்பிட்டார்கள். பேசிவிட்டுத் திரும்பினால் புள்ளியும் இல்லை, கம்பியும் இல்லை, திரை முழுவதும் ஒரே கறுப்பு. அவள் ஒரு வார்த்தையும் சொல்லாமல் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

இதைச் சொன்னபோது, ஜிபியுவில் வரைவதற்கான ஈஜிஎல் காண்டெக்ஸ்டைப் பிடித்துவைக்க ஒரு வரி இருக்கிறது, அதைச் சேர்த்துவிட்டால் தீர்ந்தது என்றாய். ஆண்ட்ராய்டு 3.0 வந்த 2011 முதல் அந்த வரி இருப்பதை நானும் அறிவேன். ஆயினும் அது வேண்டுகோளேயன்றிக் கட்டளையன்று. கருவிக்கு இயன்றால் உண்டு, இல்லையேல் இல்லை. பின்னணிக்குப் போன செயலியை, மெமரி போதாத நேரத்தில், சிஸ்டம் முன்னறிவிப்பின்றி முடித்துவிடும். முடிவில் வர வேண்டிய ஆன்டெஸ்ட்ராய் அழைக்கப்படும் என்பதற்குக்கூட உத்தரவாதம் கிடையாது. டெக்ஸ்சர், பஃபர், ஷேடர் என்று ஜிபியுவில் ஏற்றிய யாவும் காண்டெக்ஸ்டோடு போய்விட, பழைய எண்களைக் கொண்டு புதிய காண்டெக்ஸ்டில் வரையப் புகுந்தால் அந்தக் கறுப்புத்தான் மிஞ்சும். ஐபோனிலோ, பின்னணியிலிருந்து ஓபன்ஜிஎல் கட்டளை ஒன்று கொடுத்தாலே செயலி நிறுத்தப்படும்.

படத்தையே, திரையின் நிலையைச் சேமிக்கும் பண்டிலில் போட்டுவிடலாம் என்ற உன் அடுத்த யோசனையும் பலிக்காது. 1080-க்கு 2400 என்ற திரையில் பிக்சலுக்கு 4 பைட் வீதம் 1,03,68,000 பைட் ஆகிறது. பண்டில் போகும் பாதையோ 1 எம்பிக்கு மேல் தாங்காது. பெரியம்மாவின் விரல் சென்ற வழியையும், வண்ணத்தையும், எது முன் எது பின் என்ற வரிசையையும் மட்டும் குறித்தால் அதில் சிறு பங்குக்குள்ளேயே முழுக் கோலமும் அடங்கிவிடும்.

ஆண்டாளின் இடக்கரத்துக் கிளியைச் சிறுவயது முதல் ஸேவித்து வளர்ந்தவன் நீ. மரவள்ளி இலையால் உடலும் மாதுளம்பூவால் அலகுமாக அது நாள்தோறும் புதிதாகக் கட்டப்படுகிறது; கட்டும் முறை கைவசம் இருப்பதனால், நேற்றைய இலை வாடியதே என்று அங்கே எவரும் விசாரப்படுவதில்லை. அதுபோல, புதிய காண்டெக்ஸ்ட் உருவாகி ஆன்சர்ஃபேஸ்கிரியேட்டட் அழைக்கப்படும்போதெல்லாம் உன் செயலியும் குறித்துவைத்த கோடுகளிலிருந்து டெக்ஸ்சர் முதற்கொண்டு எல்லாவற்றையும் புதிதாகக் கட்டிக்கொள்ளட்டும்.

குறிப்பதையும் உடனுக்குடன் குறி. செயலி பின்னணிக்குப் போகும்போது ஆன்பாஸில் கிடைக்கும் அவகாசம் மிகச் சொற்பம்; ஆகையால் விரல் எடுத்த கணமே கோடு ஃபைலில் ஏறிவிட வேண்டும். இதில் நான் பிடிவாதக்காரன்தான். காரணம் உனக்குத் தெரியாததன்று. தாத்தா நூல் வியாபாரத்தின் வரவுசெலவு முழுவதையும் மனத்திலேயே வைத்திருந்தார். நோட்டில் எழுதுங்கள் என்று நான் மன்றாடியபோதெல்லாம், எனக்கு மறதியா வந்துவிட்டது என்று கோபித்துக்கொண்டார். அவர் கண்மூடியதும் கொடுக்க வேண்டியவர்கள் மௌனமானார்கள், வாங்க வேண்டியவர்கள் மட்டும் வாசலுக்கு வந்தார்கள். தெற்குத்தெரு வீடு நம் கையை விட்டுப் போனது அப்படித்தான். உன் அப்பனுக்கும் அதே சுபாவம். இன்றைக்கும் மாந்தோப்புக் குத்தகைக் கணக்கு எந்தக் காகிதத்திலும் கிடையாது. அந்தச் சுபாவம் உன்னிடமும் தலைகாட்டுகிறதோ என்ற பயத்தில்தான் இத்தனை நீளமாக எழுத நேர்ந்தது.

எந்த வழியைக் கொள்வது என்பது உன் இஷ்டம், நான் நிர்ப்பந்திக்கவில்லை. அந்த ஒரு வரியை நம்பி மார்கழிக்கு முன் வெளியிட்டாலும், விடியற்காலை இருட்டில் கைபேசியைப் பார்த்து வாசலில் கோலமிடும் எத்தனையோ பெண்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நீயே. எதற்கும் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் 'டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்' என்பதைப் போட்டுவிட்டு, வண்ணத்தட்டுத் திரைக்குப் போய்த் திரும்பிப் பார். கைபேசியைச் சாய்த்தும் பார்.

அதிகமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. மனத்தில் வைத்துக்கொள்ளாதே, கண்ணு. உன்னைப் போன்ற புத்திமான் நம் குடும்பத்தில் பிறந்ததில்லை என்று கேட்பவர் கேளாதவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பவன் நான். அப்பா தோப்பிலிருந்து சப்பட்டை மாம்பழம் அனுப்பியிருக்கிறார். அதில் நல்லதாகப் பொறுக்கி, பால்கோவாவும் சேர்த்துப் பார்சல் போடுகிறேன். ஆடிப்பூரத் தேருக்கு லீவு போட்டு வந்துவிடு. ரயில் டிக்கெட்டுக்கு நான் பணம் அனுப்புகிறேன், வேண்டாம் என்று சொல்லாதே.

இப்படிக்கு,
அன்புள்ள பெரியப்பா