புல்லட்டின் கார்ப்பரேட்டர்

ஸ்ரீபெரும்புதூரையடுத்த ஒரகடத்தில் ராயல் என்ஃபீல்டு ஆலை 2013-இல் இயங்கத் தொடங்கிற்று. 2020-இல் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்த காலத்தே, புல்லட் 350 கார்ப்பரேட்டரை விடுத்து, மின்முறையிற் பெட்ரோலைப் பீய்ச்சும் அமைப்பை ஏற்றது. ஆயினும் வார்ப்பிரும்பு இயந்திரமுடைய பழைய புல்லட்டுகள் இன்னும் ஓடுகின்றன. அவற்றின் மிக்கார்ப் கார்ப்பரேட்டரே ஈண்டு ஆராயப்படுவது.

ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரிய, எடையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். கைப்பிடியைச் சிறிது திருகியவழிப் பைலட் ஜெட்டும், இடைநிலையில் ஊசியும், முழுதும் திருகியவழி மெயின் ஜெட்டும் பெட்ரோலின் அளவை வரையறுக்கும். (ஜெட்டை 'நுண்டுளை' என்று எழுதலாம், பட்டறையில் அப்படிக் கேட்டால் ஒருவரும் எடுத்துத் தரார்.) இப்பகுப்பை அறிந்தார்க்கு நோய்நாடல் எளிது. நெடுநாள் நின்ற வண்டி, சோக்கிட்டால் மாத்திரம் புறப்பட்டு, வேகத்தில் நன்கோடி, கைப்பிடியை விட்டவுடன் அணையுமாயின், வற்றிய பெட்ரோலின் பிசின் பைலட் ஜெட்டை அடைத்ததெனப் பெரும்பாலும் துணியலாம்.

எதனையும் கழற்றுமுன் ஸ்பார்க் பிளக்கைப் பார்க்க. கரி படர்ந்திருப்பின் பெட்ரோல் மிகுதி. வெளுத்திருப்பின் காற்று மிகுதி. அக்காற்று இணைப்பு ரப்பரின் வெடிப்பால் புகுந்ததாயின், ஜெட்டை மாற்றிப் பயனில்லை.

ஜெட்டின் துளையை எஃகுக் கம்பியாற் குத்துவார் பலர், அது பெருந்தீங்கு. பித்தளை மெல்லியது, துளை சிறிதே அகன்றாலும் அதன்மேற் பொறித்த எண் பொய்யாகிவிடும். ஊறவைத்துக் காற்றால் ஊதுதலே முறை. மிதவையறை ஊசி தேய்ந்திருப்பின் தாமதியாது மாற்றுக. வழியும் பெட்ரோல் சூடான இயந்திரத்தின்மேற் சொட்டித் தீப்பற்றல் கூடும்.

மீளப் பூட்டியபின், காற்றுத் திருகை மெல்ல உள்ளே முடியத் திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே விடுக. இயந்திரம் நன்கு சூடேறியதும், அது சீராய் ஓடுமிடம் நோக்கிச் சிறிது சிறிதாக அத்திருகை நகர்த்துக.