ஊரில் புயல் என்றால் இங்கிருந்து என்ன சொல்வது?

இந்த மாதப் பாடம் என் பொறியியல் வகுப்பிலிருந்து பாதி, எங்க அப்பாயி வீட்டிலிருந்து பாதி.

சிங்கப்பூரில் நமக்குப் புயல் பயம் கிடையாது. பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில், பூமி சுழல்வதால் காற்றுக்குக் கிடைக்கும் திருப்பம் மிகக் குறைவு. அதனால் புயல் உருவாவது அபூர்வம். 2001 டிசம்பர் 27 அன்று ஜொகூரில் கரையேறிய வாமெய் ஒரு விதிவிலக்கு. ஆனா நம்மில் பலருக்குத் தாத்தா பாட்டி இருப்பது தஞ்சை, நாகை, புதுக்கோட்டைப் பக்கம்.

2018 நவம்பர் 16. கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே நள்ளிரவு தாண்டிக் கரையைக் கடந்தது. இங்கே அப்போ விடியற்காலை மூணு மணி. ஜாலான் புசார் வீட்டில் யாரும் தூங்கலை. பேராவூரணி பக்கத்துல அப்பாயி தனியா, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே. முதல் நாள் முழுக்க அப்பா, அத்தை, பெரியப்பான்னு ஆளாளுக்குக் கூப்பிட்டு "பத்திரமா இருங்க" என்று சொன்னோம். பத்திரம்னா என்ன செய்யணும்னு ஒருத்தரும் சொல்லலை. நாங்க பேசிப் பேசியே அவங்க கைத்தொலைபேசியில் சார்ஜ் தீர்ந்துபோச்சு. அஞ்சு நாள் கழிச்சுத்தான் குரல் கேட்டோம். கூரை போயிருந்தது. பக்கத்து வீட்டுப் பையன் கையைப் பிடிச்சு மாடி வீட்டுக்கு இழுத்துட்டுப் போனதால் அப்பாயி பிழைச்சாங்க.

இப்போ கணக்கைப் பார்ப்போம். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நாலு மடங்கு. கஜா கரையேறியபோது வேகம் மணிக்கு 100 கி.மீ.க்கு மேல். 110-க்குப் போட்டுப் பார்த்தால் சதுர மீட்டருக்குச் சுமார் 57 கிலோ எடைக்குச் சமம். 10 அடிக்கு 10 அடி கூரைன்னா அரை டன்னுக்கு மேல். அது கூரையை மேலே இழுக்கும். நாலு ஆணி என்ன செய்யும்? கூரையை இறுக்குவதை விட ஆளை இடம் மாத்துறதுதான் முதல் வேலை.

ஆனா பெரியவங்க கிளம்ப மாட்டாங்க. அப்பாயிக்கு உயிர் பயம் இல்லை. மாட்டை யார் பார்ப்பாங்க, சாமி விளக்கை யார் ஏத்துவாங்க என்பதுதான் கவலை. கண்ணன் கோவர்த்தன மலையைத் தூக்கியபோது மனுஷங்களை மட்டும் கீழே கூப்பிடலை, மாடு கன்றோடுதான் கூப்பிட்டான். அதனால் மாட்டுக்கு வழி சொல்லிட்டு அப்புறம் ஆளைக் கூப்பிடுங்க. தறியில் கட்டிய மாட்டுக்குத் தப்ப வழியே இல்லை, அவிழ்த்துவிடணும்.

இந்திய வானிலை ஆய்வு மையம் பாதகமான வானிலை தொடங்க 48 மணி நேரம் முன்பே புயல் முன்னெச்சரிக்கையைத் தரும். பேச வேண்டிய நேரம் அதுதான். மின்சாரம் இருக்கும்போதே கூரைமேல் உள்ள தண்ணீர்த் தொட்டியை நிரப்பச் சொல்லுங்க. காலித் தொட்டி பறக்கும், நிறைந்தது பறக்காது, குடிக்கவும் ஆச்சு. கஜாவுக்குப் பிறகு பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை, அதனால் பிரஷர், சர்க்கரை மாத்திரை ரெண்டு வாரத்துக்கு வேணும். ஆதார், ரேஷன் கார்டு, பட்டாவை ஒரே பிளாஸ்டிக் பையில் கட்டிக்கணும். தென்னை இருந்தால் இளநீரையும் கீழ்மட்டைகளையும் இறக்கினால் தலைப்பாரம் குறையும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, ஊரிலிருந்தே அழைக்கலாம்.

காற்று திடீர்னு நின்றால் வெளியே வரக்கூடாது என்பதையும் மறக்காம சொல்லுங்க. அது புயலின் கண்ணாக இருக்கலாம். கண் நகர்ந்ததும் காற்று எதிர்த்திசையிலிருந்து அடிக்கும். ஒரு பக்கம் ஆட்டம் கண்ட சுவர் அப்போதுதான் விழும்.

சிங்கப்பூரில் ஒருத்தர் மட்டும் பேசணும். மத்தவங்க அவரிடம் கேட்டுக்கணும்.

2020 நவம்பரில் நிவர் வந்தபோது எங்க வீட்டில் அத்தை மட்டும் கூப்பிட்டாங்க. அத்தை "சாப்பிட்டீங்களா" என்று ஆரம்பிப்பதற்குள் அப்பாயி, "மாட்டை அவுத்துட்டேன், தொட்டி ரொம்பிடுச்சு, நான் மாடி வீட்டுலதான் இருக்கேன், சார்ஜ் போவுது, போனை வையி" என்றார்கள்.